பச்சமலைக்கு மேல ஒரு கோடு

ஏண்டா பேராண்டி, தாலி கட்டுன ஈரம் காயல, அதுக்குள்ள ரெண்டு தீவையும் ஒரே லீவுல காட்டிப்புடுறேன்னு புதுப்பொண்டாட்டிக்கு வாக்குக் குடுத்திருக்கியாமே. மேக்க லட்சத்தீவுல அகத்தி, கிழக்க அந்தமான்ல போர்ட் பிளேரு. "ரெண்டுலயும் ஏர்போர்ட்டு இருக்கு அப்பத்தா, நடுவுல 2,240 கிலோமீட்டர், மூணேகால் மணி நேரம், போன்லயே போட்டிருக்கான்"னு அடுப்படியில அளந்துக்கிட்டு இருந்த. திண்ணையில படுத்திருக்க கெழவனுக்குக் காது மந்தம்னு நெனப்பு. கடன் கேக்குற ஆளு வந்தா மட்டுந்தான்டா எனக்குக் காது மந்தம்.

உக்காரு. வெத்தலைய எடுத்துக் குடு. தூரத்தப் பத்தி எங்கிட்டயே பேசுற பாத்தியா, அதுதான் எனக்குச் சிரிப்பு. சர்வே ஆபீசுல சங்கிலி இழுத்துத் தேஞ்ச கையிடா இது. வாய்க்காலுக்கு இந்தக் கரையில ஒரு கல்லு, எதிர்க்கரையில ஒரு கல்லு. படத்துல பாத்தா ரெண்டுக்கும் நடுவுல எறும்பு ஊருற எடம். தலையில புல்லுக்கட்டோட போறவ மதகு இருக்க எடம் மட்டும் நடந்துபோயிச் சுத்திட்டுத்தான் வரணும். படம் போடுற அதிகாரிக்கு மதகு எங்க இருக்குன்னு கவலையில்ல. ஒம்போனும் அந்த அதிகாரி மாதிரிதான்.

ஆனா ஒண்ணு, 2,240ங்கிற கணக்கு தப்பில்ல. அத நான் சரி பாத்துட்டேன். ஒந்தங்கச்சி மகன் பள்ளிக்கூடத்துக்கு வாங்குன உலக உருண்டை இருக்குல்ல, அதுல நூலைப் புடிச்சு இழுத்தேன். அகத்தியில புடிச்ச நூலு போர்ட் பிளேருக்குப் போற வழிய கேளு. பரப்பனங்காடிப் பக்கமா மலையாளக் கரையேறி, கோயம்புத்தூருக்குக் கொஞ்சம் வடக்க வந்து, நாமக்கல் தலைக்கு மேல போயி, பச்சமலையத் தாண்டி, பெரம்பலூரு வழியா சிதம்பரத்துக்கும் சீர்காழிக்கும் நடுவுல கடல்ல எறங்குது. நம்ம விராலிமலைக்கு நேர் வடக்க எழுபது கிலோமீட்டர்ல, பச்சமலைக்கு மேல அந்தக் கோடு. ரெண்டு தீவுக்கும் நடுவுல நம்ம உக்காந்திருக்கோம்டா. அகத்தி நமக்கு மேக்க, போர்ட் பிளேரு நமக்குக் கிழக்க. நீ என்னடான்னா மொதல்ல மேக்க போயி, அப்புறம் நம்ம ஊரத் தாண்டிக் கிழக்க போயி, மறுபடி நம்ம ஊருக்குத் திரும்பப் போற. அந்தக் கோட்டுல ஒரு விமானம் வந்தா, மொட்டைமாடியில நின்னு நாங்க கையாட்டுவோம். வராதுங்கிறதுதான் சேதி.

மூணேகால் மணிங்கிறது எப்படி வந்துச்சு தெரியுமா? தூரத்த மணிக்கு 800 கிலோமீட்டர்னு வகுக்குறான். ஏற எறங்க அரை மணி நேரம்னு கூட்டுறான். முடிஞ்சுது சோலி. 800ல போறதுக்கு ஜெட் விமானம் வேணும்ல? அகத்தியில அது எங்க எறங்கும்? 1988ல அங்க ஏர்போர்ட்டு தொறந்தாக. தீவே ஆறேழு கிலோமீட்டர் நீளந்தான். தென்கோடியில, ரெண்டு பக்கமும் கடல் அலம்ப, 1,200 மீட்டர் சுமாருக்கு ஒரு ரன்வே. நம்ம திருச்சியில அதப்போல ரெண்டு மடங்கு. போர்ட் பிளேர்ல 3,290 மீட்டர், கடற்படைக்காரக கையில இருக்கது. அகத்தியில ஏ320 மாதிரி பெரிய விமானத்த எறக்குனா, ரன்வே முடிஞ்சும் அது ஓடிக்கிட்டு இருக்கும், மீனுக்குத்தான் மரியாதை.

அதனால அங்க வந்து போறது ரெக்கையில காத்தாடி சுத்துற ஏடிஆர் விமானம். எழுவது பேரு உக்காரலாம், மணிக்கு 500 சுமாருக்குப் போகும். சரி, 500லயே போகட்டும், நாலரை மணி நேரந்தானேன்னு கேப்ப. ஆளோட மூட்டையோட அது ஒரு மூச்சுல போறது 1,500 கிலோமீட்டர் சுமாருதான். 2,240 போகச் சொன்னா வங்காள விரிகுடா நடுவுல எண்ணெ தீந்து நிக்கும். பெட்ரோல் தீந்தா டிவிஎஸ்ஸ தள்ளிக்கிட்டு வர்ற மாதிரி தள்ளிக்கிட்டு வர முடியுமா? ஆக, அகத்தியில எறங்குற விமானம் போர்ட் பிளேரு போயிச் சேராது. போர்ட் பிளேரு போற விமானம் அகத்தியில எறங்காது. ரெண்டு ஊரும் பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்காத ஊரு. கோடு மட்டும் அழகா இருக்கு.

இப்ப மதகு எங்க இருக்குன்னு சொல்றேன். அகத்தியிலேருந்து கொச்சி, 470 கிலோமீட்டர் சுமாரு. கொச்சியிலேருந்து சென்னை, 520. சென்னையிலேருந்து போர்ட் பிளேரு, 1,370. கூட்டிப் பாரு, 2,360. நேர்க்கோட்டவிட 120 கிலோமீட்டர்தான் கூட. இங்கேருந்து மதுரைக்குப் போயி மாட்டுத்தாவணியில டீ குடிக்கிற தூரம். அவ்வளவுதான் சுத்து. இந்த எடத்துலதான் ஒன்ன மாதிரி படிச்ச புள்ளைகெல்லாம் ஏமாந்து போகுதுக. சுத்து கொஞ்சந்தானே, நேரமும் கொஞ்சந்தானே கூடும்னு கணக்குப் போடுதுக.

வானத்துல இருக்க நேரத்த மட்டும் பாத்தா ஒங்கணக்கு செல்லும். கொச்சிக்கு ஒன்றரை மணி, சென்னைக்கு ஒண்ணேகால், அங்கேருந்து ரெண்டேகால். அஞ்சு மணி நேரம். அகத்தி விமானம் கொச்சிக்கு வர்றது பகல்ல. போர்ட் பிளேருக்கு சென்னையில கெளம்புறதெல்லாம் பெரும்பாலும் காலையில. ரெண்டுக்கும் நடுவுல ஒரு முழு ராத்திரி கெடக்கே, அது எந்தப் போன்ல வரும்? பெட்டிய எடுக்கணும், வெளிய வரணும், மறுபடி வரிசையில நிக்கணும், பெல்ட்டக் கழட்டணும், ஒம்பொண்டாட்டி வளையல் சத்தம் போடுதுன்னு தடவிப் பாக்கணும், ரெண்டு இட்லிக்கு இங்க ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் குடுக்குற காசக் குடுக்கணும். அஞ்சு மணி நேரம் பறக்குறதுக்கு ஒண்ணேகால் நாள். கூடுன தூரம் 120 கிலோமீட்டர், கூடுன நேரம் ஒரு ராவும் ஒரு பொழுதும். தூரமா நேரத்தத் திங்குது? தரைடா, தரைதான் திங்குது.

என்ன முழிக்கிற? சிங்கப்பூருக்கு மட்டும் எப்படி நேரா போறாகன்னு கேக்குறியா? கேளு, நல்ல கேள்வி. திருச்சியிலேருந்து சிங்கப்பூரு 2,980 கிலோமீட்டர் சுமாரு. ஒன் அகத்தி–போர்ட் பிளேர விட 700 கிலோமீட்டருக்கு மேல கூட. அதுவும் தீவுதான். ஆனா நாலேகால் மணியில கொண்டுபோயி எறக்கிடுறான். ஏன்னா இலுப்பூரு, அன்னவாசல், கீரனூருன்னு வீட்டுக்கு ஒருத்தன் அங்க கம்பி கட்டுறான், கப்பல்ல வெல்டிங் வைக்கிறான். சீட்டு நெறையுது. அகத்தியில 2011 கணக்குப்படி ஏழாயிரத்துச் சொச்சம் பேரு. அதுல எத்தன பேருக்கு அந்தமான்ல மாமியா வீடு இருக்கு? அவுக ஆசுபத்திரிக்கு, படிப்புக்கு, சாமான் வாங்க எல்லாத்துக்கும் கொச்சிக்கு வருவாக. போர்ட் பிளேர்க்காரக சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் போவாக. ரெண்டு தீவுக்காரகளும் ஒருத்தர ஒருத்தர் பாக்கணும்னு யாரும் அழல. நீ ஒருத்தன் அழுவுற, அதுக்கு ஒரு விமானம் விடுவானா?

சிங்கப்பூர்ப் பேச்சு வந்ததால ஒண்ணு சொல்லிப்புடுறேன். ஒங்க சித்தப்பன் மொத மொத அங்கேருந்து போன் பண்ணி, "இங்க ரெண்டரை மணி நேரம் முந்தி இருக்கோம்ப்பா"ன்னு பெருமை அடிச்சான். சூரியனக் கேட்டா வேற கணக்கு சொல்லும். நம்ம இந்தியக் கடிகாரம் எந்தக் கோட்டப் பாத்து ஓடுதோ அந்தக் கோட்டவிட சிங்கப்பூர்ல சூரியன் ஒண்ணரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொறவாத்தான் முன்னால, அவ்வளவுதான். பாக்கி நேரம் அரசாங்கம் கொஞ்சம் கொஞ்சமாத் திருகுனது. மலேசியாவோட ஒத்துப் போகணும்னு 1982 சனவரி 1ஆம் தேதி கடைசியாக் கடிகார முள்ளத் திருகி வச்சாக. அங்க விடியக்காலம் ஏழு மணி வரைக்கும் இருட்டா இருக்குன்னு ஒங்க சித்தி பொலம்புவாளே, அது அந்தத் திருகல்தான்.

ஒன்னோட ரெண்டு தீவுலயும் இதுக்கு நேர் எதிரு. கடிகாரம் ஒண்ணு, சூரியன் வேற. அகத்திக்கும் போர்ட் பிளேருக்கும் சூரியன் 82 நிமிசம் வித்தியாசம். மார்கழி மாசத்துல போர்ட் பிளேர்ல சாயங்காலம் அஞ்சு மணி வாக்குலயே பொழுது அடஞ்சுரும். அதே நாளு அகத்தியில ஆறேகால் வரைக்கும் வெயிலு இருக்கும். நீ மத்தியானம் போயி எறங்கி, சோறு தின்னு, ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சு, "வா புள்ள, கடல் பாக்கலாம்"னு கூப்புடுறப்ப போர்ட் பிளேர்ல வெளக்கு வச்சிருப்பாக. அவ ஒன்னயப் பாக்குற பார்வையில கடல் தெரியும். அதனால கடல் பாக்குற ஆச இருந்தா, அங்க கோழி கூப்புடுறப்பவே எந்திரிக்கணும். ஒனக்கு அந்தப் பழக்கம் கல்யாணத்துக்கு முன்னாடியே கெடையாது.

காத்தப் பத்தியும் ஒம்போனு வாயத் தொறக்கலியே? ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்பாக. நம்ம ஊர்ல ஆடிக் காத்து மேக்கேருந்து வரும், பாலக்காட்டுக் கணவா வழியா மண்ண வாரிக்கிட்டு. அப்ப மேக்கேருந்து கிழக்க போற விமானத்துக்குப் பின்னாலேருந்து தள்ளுமே, சீக்கிரம் போயிருமேன்னு நெனப்ப. நானும் யாராச்சும் அப்படிச் சொன்னா, ஆமா ஆமான்னு தலையாட்டி விட்டுப்புட்டுச் சிரிப்பேன். அந்த ஆடி மாசத்துல பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர் உசரத்துல நம்ம தலைக்கு மேல அடிக்கிறது கிழக்கேருந்து மேக்க போற காத்து. கீழ ஒரு காத்து, மேல அதுக்கு நேர் எதிர்க் காத்து. கோடீஸ்வரம்னு நம்ம வானிலைத் துறைக்காரரு 1950கள்லயே கண்டு சொன்னாரு, உலகம் பூரா ஒத்துக்கிட்டாக. ஆடி மாசம் சென்னையிலேருந்து போர்ட் பிளேரு போறப்ப மொகத்துல அடிக்கும், திரும்பி வர்றப்ப முதுகுல தள்ளும். போக்குக்கு ஒரு நேரம், வரவுக்கு ஒரு நேரம். போன்ல ரெண்டுக்கும் ஒரே நேரம் போட்டிருக்கான். புளிமூட்டை எடை போடுறவன்கூட ரெண்டு தடவ நிறுத்துப் பாப்பான்.

தூரத்துக்கும் நேரத்துக்கும் உள்ள ஒறவ நம்ம ஊரு வானமே ஒரு தடவ காட்டுச்சு, ஞாபகம் இருக்கா? 2024 அக்டோபர் 11, ஆயுத பூசை. பொரிகடலை தின்னுக்கிட்டு இருக்கோம். சார்ஜாவுக்குன்னு திருச்சியில சாயங்காலம் அஞ்சு நாப்பதுக்கு ஏறுன விமானம், நூத்திநாப்பது பேருக்கு மேல. ஏறுனதும் ஹைட்ராலிக் கோளாறு. வயிறு நெறைய எண்ணெயோட எறங்குனா ஆபத்துன்னு, எண்ணெயக் கரைக்க வானத்துலயே வட்டம் அடிச்சாக. திருச்சி, புதுக்கோட்டைன்னு நம்ம தலைக்கு மேலயே சுத்திச் சுத்தி கிட்டத்தட்ட ரெண்டரை மணி நேரம். எட்டேகால் வாக்குல பொட்டுச் சேதமில்லாம எறக்குனாக, அந்த பைலட்டுக கைக்கு நம்ம ஊரே சூடம் கொளுத்தலாம். ஒங்கணக்குப்படி பாத்தா அந்த நேரத்துக்கு 1,600 கிலோமீட்டர் போயிருக்கணும். எறங்குனது ஏறுன எடத்துலயே. தூரம் சைபரு. டிக்கெட்டுல சார்ஜா, கால் வச்சது திருச்சி. இத ஒம்போன்ல போட்டுப் பாரு, "பயண நேரம் அரை மணி"னு சொல்லும்.

ஒங்க அப்பத்தா அன்னைக்கு என்ன பண்ணா தெரியுமா? மலையப் பாத்துக் கும்புட்டு, எல்லாரும் நல்லபடியா எறங்குனா முருகனுக்குச் சுருட்டு வைக்கிறேன்னு வேண்டிக்கிட்டா. மத்த ஊர்க்காரன் கேட்டா சிரிப்பான், சாமிக்குச் சுருட்டான்னு. நம்ம சாமிக்குச் சுருட்டு ஒரு காரணத்தோடதான் வந்துச்சு. மலைக்கு வர்ற பக்தரு ஒருத்தரு, வழியில மழையும் ஆத்து வெள்ளமும் மறிச்சு, குளுருல நடுங்கிக்கிட்டு நின்னாராம். முருகனே ஆள் வேசத்துல வந்து ஒரு சுருட்டும் நெருப்பும் குடுத்துக் கூட்டிக்கிட்டு வந்தாருன்னு சொல்லுவாக. பாத்துக்க, வழியில மாட்டிக்கிட்டு நிக்கிறவனுக்கு என்ன வேணும்னு சாமிக்குத் தெரிஞ்சிருக்கு. சென்னை ஏர்போர்ட்டுல ராத்திரி நீ நடுங்கிக்கிட்டு நின்னா, சுருட்டு குடுக்க யாரு வருவா? தீப்பெட்டி வச்சிருந்தாலே புடுங்கிருவான்.

சரி, லீவு எத்தன நாளு? ஆறா? போடு கணக்க. மொத நாளு ராத்திரி எர்ணாகுளம் ரயிலு. ரெண்டாம் நாளு அகத்தி. மூணாம் நாளு அங்க. நாலாம் நாளு கெளம்பி கொச்சி, அங்கேருந்து சென்னை, ராத்திரி மீனம்பாக்கத்துல எங்கியாச்சும் லாட்ஜு. அஞ்சாம் நாளு காலையில போர்ட் பிளேரு. போன வருசம் எவனோ படம் போட்டு ஒம்பொண்டாட்டிக்குக் காட்டுன வெள்ள மணல் கடற்கரை இருக்கே, ராதாநகரு, அது போர்ட் பிளேர்லயே இல்லடா. ஹேவ்லாக் தீவுல இருக்கு, அதுக்கு இன்னொரு கப்பல், ஒண்ணரை ரெண்டு மணி நேரம். அஞ்சு மணிக்கு இருட்டு. ஆறாம் நாளு திரும்பணும். ஆக அந்தமான்ல நீ பாக்கப் போறது செல்லுலார் ஜெயிலு மட்டுந்தான். கல்யாணம் ஆன மூணாம் மாசம் பொண்டாட்டியக் கூட்டிப் போயி ஜெயிலக் காட்டுன மொத ஆளு நீயாத்தான் இருப்ப.

அதுபோக, லட்சத்தீவுல கால் வைக்க நம்ம நாட்டுக்காரனுக்கே பெர்மிட்டு வேணும். போலீஸ்ல நற்சான்று வாங்கணும். நம்ம ஸ்டேசன்ல போயி நின்னா, போன தைமாசம் வாடிவாசல்ல வேலி ஏறிக் குதிச்ச கதையெல்லாம் அவுகளுக்கு ஞாபகம் வரும். இப்பவே போயி சிரிச்ச மொகத்தோட நில்லு.

"தீவுன்னு ஒண்ணு பாத்தா சரி தாத்தா"ன்னு நீ எறங்கி வந்தா, அதுக்கும் வழி இருக்கு. திருச்சியிலேருந்து யாழ்ப்பாணம் பலாலி, ஆகாசத்துல 185 கிலோமீட்டர். 2025 மார்ச் கடைசியில இண்டிகோக்காரன் ஏடிஆர் விட ஆரம்பிச்சான். அதுவும் புதுசில்ல, ஏர் சிலோன்னு ஒரு கம்பெனி 1947 டிசம்பர்லயே கொழும்பு ரத்மலானையிலேருந்து யாழ்ப்பாணம் வழியா மெட்ராசுக்கு விமானம் விட்டுருக்கான். நடுவுல சண்டையில எல்லாம் நின்னு போச்சு. 1,370 கிலோமீட்டர் போர்ட் பிளேருக்கு வழி அறுபடாம இருந்துச்சு, 185 கிலோமீட்டர் பலாலிக்கு வருசக்கணக்கா வழி இல்ல. பாஸ்போர்ட்டு இருக்கா ரெண்டு பேருக்கும்? இல்லையா? அப்புறம் என்ன, அந்தப் பேச்ச விடு.

நான் சொல்றதக் கேளு. ஒரு தீவப் புடி. ஆறு நாளும் அங்கயே கெட. அந்தமானா அகத்தியான்னு எங்கிட்டக் கேக்காத, புருசன் பொண்டாட்டி விசயத்துல நான் தலையிடுறதில்ல. ஆனா அகத்தி பக்கம். ரயிலு, ஒரு சின்ன விமானம், தீந்துச்சு. கூட்டமில்ல. தண்ணி அப்படியே பச்சையா கண்ணாடி கணக்கா இருக்குமாம். அங்க சூரையப் புடிச்சு அவிச்சு, பொகையில காட்டி, கல்லு மாதிரி காய வச்சு மாசின்னு ஒண்ணு விப்பாக. ஒங்க அப்பத்தா தேங்காச் சம்பலுக்கு அதத் தட்டிப் போட்டா இன்னும் ரெண்டு கவளம் எறங்கும். ரெண்டு கிலோ போதும். பெட்டியில துணிக்கு நடுவுல வச்சு நல்லாக் கட்டிக் கொண்டா, இல்லன்னா பொண்டாட்டி சேலையெல்லாம் நாறும். அந்தமானுக்குப் போறதா இருந்தா ஒண்ணும் கொண்டாற வேணாம். இதுக்காகத்தான் அகத்திக்குப் போகச் சொல்றேன்னு வெளிய போயிச் சொல்லிக்கிட்டுத் திரியாத.